கோத்தகிரி பக்கம் நல்ல ஆடிட்டரையோ நிதி ஆலோசகரையோ எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பா போன மாதம் ரிட்டையர் ஆகியிருக்கிறார், கையில் பணம் வந்திருக்கிறது, கூடவே ஒன்றரை ஏக்கர் தேயிலை. இங்கேயே ஆடிட்டர் பார்க்கலாமா, கோயம்புத்தூர் இறங்க வேண்டுமா, நிதி ஆலோசகர் என்பவர் வேறு ஆளா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோத்தகிரிதான், பள்ளிக்கூட ஆபீஸ் வேலை, வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேயிலை. இந்த விஷயத்தில் அடிபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் ஊரில் கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்துக்கொண்டு வருமான வரி ரிட்டர்ன் போடுகிற எல்லாருக்குமே ‘ஆடிட்டர்’ என்றுதான் பெயர். அவர் சி.ஏ.வாக, அதாவது சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டாக இருக்கலாம், பி.காம் முடித்துவிட்டு டாக்ஸ் பிராக்டிஷனராக இருக்கலாம், நேற்றுவரை ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவராகவும் இருக்கலாம். சம்பளம் மட்டும் உள்ளவருக்கு டாக்ஸ் பிராக்டிஷனரே தாராளமாகப் போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத்தோடு தேயிலையும் சேரும்போதுதான் சிக்கல்.

என் கதையைச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரிடம் இரண்டு வருஷம் ரிட்டர்ன் போட்டேன். ஃபீஸ் 500 ரூபாய். ‘டீ இருக்கா சார்?’ என்றார், இருக்கிறது என்றேன். ‘டீன்னா நாப்பது பர்சென்ட் டாக்ஸபிள்’ என்று சொல்லி, இலையில் எனக்கு நின்ற 70,000 ரூபாயில் 28,000-ஐ இதர வருமானம் என்று சேர்த்து, ஐடிஆர்-1 படிவத்தில் அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்தவர் போலத்தான் பேசினார், நானும் தலையாட்டினேன்.

அப்புறம் மைத்துனர் சொல்லி குன்னூரில் ஒரு சி.ஏ.விடம் போனேன். அநியாயமாக வரி கட்டிவிட்டோம், ரீஃபண்ட் வரும் என்ற நினைப்பில்தான் போனேன், மறைப்பானேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: ‘பச்சை இலையா விக்கிறீங்களா, சொந்தமா தூள் போடறீங்களா?’ இலைதான், மாதா மாதம் ஃபேக்டரியில் பில் தருவார்கள் என்றேன். ‘அப்ப அந்த நாப்பது பர்சென்ட் உங்களுக்கு இல்லவே இல்ல’ என்றார். வருமான வரி விதி சொல்கிற 60-40 கணக்கு (60 பங்கு விவசாயம், 40 பங்குக்கு வரி), தானே பயிரிட்டுத் தானே தூளாக்கி விற்பவருக்கு. பச்சை இலையாக விற்கிற சின்ன விவசாயிக்கு அது முழுக்க விவசாய வருமானம், அதற்கு நேரடியாக வரி கிடையாது.

நான் சிரிக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார். வரி இல்லை என்றாலும், விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரி வரம்பைத் தாண்டினால், விகிதம் பார்ப்பதற்காக இலைப் பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். ஒரு பழைய இலை பில்லைத் திருப்பி அதன் பின்பக்கம் பென்சிலால் போட்டுக் காட்டினார். கழிவெல்லாம் போக என் சம்பளம் 6 லட்சம், இலை 70,000. பழைய வரி முறைப்படி 6,70,000-க்கு வரி 46,500. அதிலிருந்து, வரம்பான 2,50,000-உடன் இலைப் பணத்தைச் சேர்த்து வருகிற 3,20,000-க்கான வரி 3,500-ஐக் கழித்தால் 43,000, செஸ்ஸோடு 44,720. மாடிப்படிக்காரர் போட்ட கணக்கில் நான் கட்டியிருந்தது 39,624. ஆக, ரீஃபண்ட் வாங்கப் போனவன் வருஷத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பாக்கிக்காரனாக உட்கார்ந்திருக்கிறேன். படிவமும் தப்பு. விவசாய வருமானம் 5,000-க்கு மேல் இருந்தால் ஐடிஆர்-1 போடவே கூடாது.

இரண்டு வருஷத்துக்கும் தப்பைத் திருத்துகிற அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டோம், ஒன்றுக்கு 25 சதவீதம், பழையதற்கு 50 சதவீதம் கூடுதல் வரி, வட்டி எல்லாம் சேர்த்து பதினாறாயிரம் போல ஆனது. வயிறெரிந்தது உண்மை. ஆனால் அவரை விடவில்லை. என் காதுக்குப் பிடிக்காத கணக்கை என் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினாரே, அதற்காகத்தான். உங்கள் அப்பாவுக்கு ஆள் தேடும்போது நீங்களும் அந்த இலைக் கேள்விக்காகக் காத்திருங்கள். தேயிலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இலையா தூளா, பட்டா யார் பெயரில், பறிப்புக் கூலி எழுதி வைக்கிறீர்களா, உரக்கடை ரசீது இருக்கிறதா என்று தோண்டுகிறாரா பாருங்கள். (என்னிடம் ரசீது இருந்தது, ஆனால் ஆடி மழையில் நனைந்து மை ஓடிப்போய், தொகை மட்டும் தெரியாமல். இப்போதெல்லாம் வாங்கின அன்றே போட்டோ எடுத்துவிடுகிறேன்.)

ஆடிட்டரின் பதிவு நம்பரைச் சரிபார்ப்பது சுலபம், கூச்சப்படாதீர்கள். சி.ஏ.வுக்கு ஐசிஏஐ என்ற அமைப்பின் உறுப்பினர் எண் உண்டு, அவர்கள் இணையதளத்திலேயே தேடலாம். சி.ஏ. பாஸ் பண்ணினால் மட்டும் போதாது, தொழில் செய்ய சர்டிபிகேட் ஆஃப் பிராக்டிஸ் தனியாக வேண்டும். 2019 பிப்ரவரி முதல் சி.ஏ. தருகிற எந்தச் சான்றிதழிலும் யூடின் என்று 18 இலக்க எண் இருக்க வேண்டும், அதையும் நாமே சரிபார்க்கலாம். அண்ணன் மகளுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு நெட் வொர்த் (சொத்து மதிப்பு) சான்றிதழ் வாங்கினபோது, கையெழுத்து, சீல் எல்லாம் பளபளவென்று இருந்தும், இந்த எண் இல்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், அதுல பத்து பர்சென்ட் எனக்கு’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிடைக்கிற பலனில் பங்கு கேட்பது சி.ஏ.க்களின் நடத்தை விதிப்படியே தப்பு. தவிர, அவர் பங்கு பெரிதாக வேண்டுமென்றால் உங்கள் ரீஃபண்டும் பெரிதாக வேண்டுமே, அதற்கு எங்கே போவார்? கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை என்று எழுதுவார். மாட்டினால் பொய்க்கணக்குக்கு அபராதம் வரியில் 200 சதவீதம் வரை போகும், நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வராது.

இன்னொன்று, வருமான வரி போர்ட்டலில் உங்கள் அப்பாவின் போன் நம்பரும் மெயிலும்தான் இருக்க வேண்டும். என் கணக்கில் இரண்டுமே மாடிப்படிக்காரருடையவை. நான் ஆளை மாற்றப் போன அன்று ஓடிபி அவர் போனுக்குப் போகிறது, அவரோ திருப்பூரில் ஒரு கல்யாணத்தில். கடைசியில் ஆதார் ஓடிபி வைத்துத்தான் பாஸ்வேர்டை மாற்றினோம். அதுவரை என் கணக்குக்குள் நானே போக முடியாமல் வெளியே நின்றேன்.

சரி, நிதி ஆலோசகர். ஆமாம், அது வேறு ஆள். அப்பாவுக்கு வந்த பணத்தை எங்கே போடலாம் என்று ஆடிட்டரிடம் கேட்டால், நல்லவராக இருந்தால் ‘அது என் வேலை இல்ல’ என்பார். காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் பதிவு வேண்டும். ஐஎன்ஏ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், செபி தளத்தில் பட்டியலே இருக்கிறது. அப்படிப் பதிந்தவர் உங்களிடம் ஃபீஸ் வாங்கலாம், அவர் சொல்கிற திட்டத்தை நடத்துகிற கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் ஏஆர்என் நம்பர் வைத்திருப்பார், அவருக்குக் கமிஷன் உண்டு, அவர் விநியோகஸ்தர். அதிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒருவர் வாய்த்திருக்கிறார். ஆனால் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

என் மாமனார் அது தெரியாமல் உட்கார்ந்தார். அருவங்காடு தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், கணக்கில் பணம் வந்த அதே வாரம் பேங்கிலிருந்து ஒரு பையன் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கே வந்துவிட்டான். ‘அங்கிள், எஃப்.டி. மாதிரிதான், வட்டி மட்டும் ஜாஸ்தி’ என்றானாம். கையெழுத்துப் போட்டது இன்ஷூரன்ஸ் பாலிசியில், வருஷம் இரண்டு லட்சம், ஐந்து வருஷம். பாலிசி தபாலில் வந்தது. மழைக்காலம் என்பதால் பத்திரமாக இருக்கட்டும் என்று அத்தை அதைப் பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார். நான் தற்செயலாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மாதம் தாண்டியிருந்தது. வேண்டாமென்று திருப்பித் தர அப்போது 15 நாள்தான் கெடு. 2024 முதல் 30 நாள் ஆக்கியிருக்கிறார்கள், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து. மாமா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார், நடுவில் நிறுத்தினால் நஷ்டம் அதிகம்.

மிச்சப் பணத்தைக் குன்னூர் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம், ஐந்து வருஷம், ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. இதற்கு எந்த ஆலோசகரும் தேவைப்படவில்லை. உங்கள் அப்பாவிடம் பெரிய தொகை, வீடு விற்ற பணம், வெளிநாட்டில் பிள்ளை என்று சிக்கல் இருந்தால் மட்டும் ஃபீஸ் கொடுத்துக் கேளுங்கள். அதுவரை பணம் சேவிங்ஸ் கணக்கில் நாலு மாதம் சும்மா கிடந்தாலும் குடி முழுகிவிடாது, ஸ்வீட் பாக்ஸைக் கூட வாங்கிக்கொள்ளலாம், பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூர் போக வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எல்லாம் ஆன்லைன்தான், இலை பில்லையே நான் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறேன். தேயிலைக் கணக்கு தெரிந்தவர்கள் மலைமேல்தான் அதிகம், கீழே இருப்பவருக்கு ஃபேக்டரியில் ஈர இலைக்கு எடை கழிப்பதிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு தடவை மட்டும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, இலை பில், ரசீது, பென்ஷன் பேப்பர் எல்லாவற்றோடும் நேரில் போய் உட்காருங்கள். ஜூலை கடைசி வாரம் மட்டும் வேண்டாம். கடைசித் தேதி நெருக்கத்தில் நான் போன அன்று நாற்காலி கிடைக்காமல் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தேன், என் முறை வருவதற்குள் கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.