கொக்கி மேலே ஏறினால் முதலில் தொடைப் பட்டையைப் பாருங்கள்

ஹாபி 16 என்ற இரட்டை உடல் பாய்மரப் படகில், ட்ரபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் உடலை மாட்டிப் படகுக்கு வெளியே) தொங்கும்போது, கம்பியை மாட்டும் கொக்கி நெஞ்சுவரை ஏறிவிடுகிறது, முதுகு வலிக்கிறது, அந்தக் கொக்கி இருக்கும் பழைய ஹார்னஸைத் (உடலில் கட்டும் பட்டைக் கச்சையை) தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் தொடைப் பட்டைகள் தளர்ந்திருப்பதுதான் காரணம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து அவற்றை இறுக்குங்கள், அப்புறம் பக்கப் பட்டைகளை இழுத்துக் கொக்கி வயிற்றோடு ஒட்டி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி செய்யுங்கள், தோள் பட்டை கடைசியில்தான். கரையிலேயே படகைப் பிடித்துக்கொள்ள ஆள் வைத்து ஐந்து நிமிடம் தொங்கிப் பாருங்கள், கடலில் போய்ச் சோதிக்க வேண்டாம்.

அப்படியும் ஏறினால் அளவு பெரிது, மாற்றத்தான் வேண்டும். வாங்கினால் உடனே கழற்றிவிடக்கூடிய கொக்கி உள்ளதையே வாங்குங்கள். படகு கவிழ்ந்து கம்பி கொக்கியில் சிக்கி, நீங்கள் ட்ராம்பொலினுக்கு (படகின் இரு உடல்களுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய தளத்துக்கு) அடியில் மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பது அதுதான். 2023 முதல் பந்தய விதிகளும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

ஆனால் அந்தக் கொக்கியில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, எடையைத் தாங்கி நிற்கும்போது கழல்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். நிழலில் காயவையுங்கள், வெயில் தையல் நூலை அரித்துவிடும். கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.