ஹெரெண்ட் பீங்கான்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஹங்கேரியின் ஒரு சின்ன ஊர்ப் பீங்கானுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது?

பதில்: வெஸ்ப்ரேம் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ஹெரெண்ட். 1826இல் வின்ஸ் ஸ்டிங்கல் அங்கே பட்டறை தொடங்கினார். பிறகு அது மோர் ஃபிஷர் கைக்கு வந்தது. அன்றைய பிரபுக்கள் வீடுகளில் சீனப் பீங்கானும் ஜெர்மனியின் மைசன் நகரப் பீங்கானும் செட் செட்டாக இருக்கும். ஒரு தட்டு உடைந்தால் அதே அச்சில் வேறொன்று செய்து கொடுத்தார் ஃபிஷர். ஹெரெண்டின் கைத்திறன் வளர்ந்ததே இந்த வேலையில்தான் என்பேன். பழைய தட்டின் பக்கத்தில் வைத்தால் புதியது எதுவென்று தெரியக் கூடாது. அதைவிடக் கடுமையான பயிற்சி ஏது! 1851 லண்டன் கண்காட்சியில் பட்டாம்பூச்சியும் பூவும் வரைந்த செட்டை விக்டோரியா அரசி வாங்கினார். அந்தச் சித்திர வகைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கேள்வி: மண் எப்படி இப்படி வெளிச்சம் ஊடுருவும் பொருளாகிறது?

பதில்: கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரண்டு பாறைக் கனிமங்கள், இந்த மூன்றும்தான் கலவை. முதல் சூட்டில் பாத்திரம் இறுகும், ஆனால் தண்ணீரை உறிஞ்சும். அதனால் மெருகுக் குழம்பில் முக்கியதும் பூச்சு பிடித்துக்கொள்ளும். அடுத்து சுமார் 1,400 டிகிரி சூளை. அங்கே ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோல் இடைவெளிகளை நிரப்ப, பாத்திரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால்தான் வனைபவர் முதலிலேயே பெரிதாக வனைகிறார். வண்ணத்துக்கு அப்புறம் தனிச் சூடு, குறைந்த வெப்பத்தில். தங்கம் சூளையிலிருந்து மங்கலாகத்தான் வரும். தேய்த்த பிறகே பளபளக்கும்.

கேள்வி: விலங்கு பொம்மைகளின் மேல் உள்ள செதில் கோலம் அச்சா?

பதில்: இல்லை, தூரிகை வேலை. முயலின் முதுகில் பெரிதாக இருக்கும் செதில், காதுப் பக்கம் வரவர சிறுத்துவிடும். ஒரு பொம்மையைக் கையில் எடுத்து அந்த இடத்தை மட்டும் பாருங்கள். வளைவுக்கு ஏற்ப வரி நெருங்குவதில் வரைந்தவரின் கை தெரியும்.

கேள்வி: ரோத்சில்டு செட்டில் பறவைகளோடு முத்துமாலை ஏன்?

பதில்: ரோத்சில்டு என்பது ஐரோப்பாவின் பெரிய வங்கிக் குடும்பம். அந்தக் குடும்பத்துச் சீமாட்டி ஒருவர் தோட்டத்தில் தொலைத்த மாலையோடு பறவைகள் விளையாடினவாம். கதைதான், ஆனால் அழகான கதை. பறவைக் காட்சிகள் மொத்தம் 12.

கேள்வி: இப்போது யார் நடத்துகிறார்கள்?

பதில்: 1948இல் அரசுடைமை ஆனது. 1990களில் தனியார்மயமானபோது பெரும்பங்கு தொழிலாளர்கள் கைக்கே போனது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கேள்வி: பழைய ஹெரெண்ட் வாங்க ஆசை. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முத்திரையும், வடிவ எண்ணும் சித்திரக் குறியும், வரைந்தவரின் சிறு அடையாளமும் இருக்கும். வாங்கினால் கையால் கழுவுங்கள். தங்க விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.