மகளை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்ப்பதா, அரசுப் பள்ளியில் சேர்ப்பதா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள், நடுத்தரமாகப் படிக்கிறாள், தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் கட்டிவிடலாம், பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறது, அதைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. மகன் தனியார் பள்ளியில் ஆரம்பித்து அரசுப் பள்ளியில் முடித்தான். மகள் இப்போதும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறாள். அதனால் எந்தப் பக்கத்துக்கும் கொடி பிடிக்க என்னால் முடியாது.

மகன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 38 வாங்கினான். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். முதல்வர் மிகவும் பணிவாகப் பேசினார். "பையனுக்கு இங்கே அழுத்தம் அதிகமா இருக்கும்மா. ஒன்பதாவதுக்கு வேற ஸ்கூல் பாத்தீங்கன்னா அவனுக்கே நல்லது" என்றார். அவர் அக்கறையாகச் சொல்கிறார் என்றே நினைத்து நன்றிகூடச் சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் பேனர் கட்டியிருந்தது: பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி. மூன்று வருடமாகப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு போன பேனர்தான். அன்றைக்குத்தான் புரிந்தது. என் பையனைப் போன்றவர்களைத் தேர்வுக்கு முன்பே கழித்துவிட்டால் நூறு வராமல் எங்கே போகும்?

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் என்று கொஞ்ச நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் தேடிப் படித்தபோது, நாடு நாடாக நடக்கிற விஷயம் இது என்று தெரிந்தது. சிலி நாட்டில் 1981-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்கிறதோ, அது தனியாராக இருந்தாலும், அரசுப் பணம் அங்கே போகும். பள்ளிகள் போட்டி போட்டுக்கொண்டு தரத்தை உயர்த்தும் என்பது கணக்கு. பல பள்ளிகள் அதைவிட எளிதான வழியைக் கண்டுபிடித்தன: சேர்க்கையிலேயே நல்ல பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வது. கடைசியில் 2015-இல் சட்டம் போட்டுத்தான் அரசு உதவி பெறும் பள்ளிகளில் அந்தப் பொறுக்கலைத் தடுக்க வேண்டியிருந்தது.

அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் தேர்ச்சி சதவீதத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மார்க் வாங்குகிற பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும். தொண்ணூறு வாங்குகிற பிள்ளை எங்கே போட்டாலும் தேறிவிடும். உங்கள் மகள் நடுத்தரம் என்று நீங்களே சொல்லியிருப்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம். ஒரு பள்ளி "ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம்" என்று சொன்னால், யார் எடுக்கிறார், எத்தனை பேர் உட்காருகிறார்கள், போன வாரம் என்ன நடத்தினார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். உண்மையிலேயே நடத்துகிறவர்களிடம் பதில் தயாராக இருக்கும்.

சரி, அரசுப் பள்ளிக்குப் போன பிறகு என்ன ஆனது? முதல் நான்கு மாதம் கணக்குக்கு ஆசிரியரே இல்லை. பணியிடம் காலி. இயற்பியல் ஆசிரியர் இடையிடையே வந்து ஏதோ நடத்தினார். நான் தினமும் இரவில் அழுதேன் என்றால் மிகை, வாரத்தில் இரண்டு நாள் அழுதேன். ஐந்தாவது மாதம் ஒருவர் மாற்றலாகி வந்தார். வந்த வாரத்திலேயே வகுப்பு முழுவதற்கும் பின்னங்களில் ஒரு சின்னத் தேர்வு வைத்து, தடுமாறியவர்கள் ஆறு பேரைத் தனியாகப் பிரித்தார். பெல் அடித்த பிறகு அவர்களோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு ஆறாம் வகுப்புப் பின்னம்! தனியார் பள்ளியில் மூன்று வருடமாக மேலே மேலே பாடம் ஓடிக்கொண்டிருந்ததே தவிர, இவன் எங்கே விழுந்தான் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 71 வாங்கினான்.

ஆனால் அவர் மாற்றலாகி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். வராமல் போயிருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். அரசுப் பள்ளியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் முறையாகப் படித்து, தேர்வு எழுதி வந்தவர்கள், நிலையாகவும் இருப்பார்கள். காலியான இடம் நிரம்ப மாதக்கணக்கில் ஆகும் என்பது அங்கே உள்ள தலைவலி. தனியாரில் இடம் காலியாக இருக்காது, ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ஒரே வருடத்தில் மூன்று அறிவியல் ஆசிரியர்களை என் மகள் பார்த்தாள். ஆகவே அரசுப் பள்ளியில் "எந்தப் பாடத்துக்கு இப்போது ஆள் இல்லை?" என்றும், தனியார் பள்ளியில் "போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள்?" என்றும் கேட்பது நல்லது.

தனியார் என்றாலே தரம் என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடத்தப்படும் பிசா தேர்வில், தனியார் பள்ளிப் பிள்ளைகள் சராசரியாக அதிக மதிப்பெண் வாங்குவது உண்மைதான். ஆனால் குடும்பங்களின் வசதியையும் பெற்றோரின் படிப்பையும் கணக்கில் எடுத்துச் சமப்படுத்திப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 2018 சுற்றின் வாசிப்புத் தேர்வில் அப்படிப் பார்த்தபோது, வளர்ந்த நாடுகளின் சராசரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே சற்று முன்னால் இருந்தார்கள். வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் இருக்கிற பிள்ளை வாங்குகிற மதிப்பெண்ணைப் பள்ளி தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஆந்திரத்தில் நடந்த சோதனை. 2008-இல் தொடங்கி நான்கு வருடம் நடந்தது. அரசுப் பள்ளியில் இருந்த ஏழைப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள். குலுக்கல் என்பதால், வசதியான வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு வருட முடிவில் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியாருக்குப் போனவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். தனியார் பள்ளிகள் இதை மிகக் குறைந்த செலவில் சாதித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சோதனை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது, உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்களின் வாயை அடைக்க மட்டும் போதும்.

"நல்ல பிள்ளைகளோடு சேர்ந்தால் தானும் நன்றாகப் படிப்பாள்" என்று என் மாமியார் சொல்வார். நானும் நம்பினேன். அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்ததால் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்கிற மாதிரி உயர்வு எதுவும் இல்லை. சகவாசத்தைப் பற்றி மாமியார் சொல்வதில் வேறு ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை யாரோடு பேசுகிறது, எதை ஆசைப்படக் கற்றுக்கொள்கிறது என்பதெல்லாம் மதிப்பெண்ணில் தெரியாது. என் மகன் அரசுப் பள்ளியில் பழகியவர்களில் காலையில் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவன் ஒருவன் இருந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் இவன் தன் தட்டைத் தானே கழுவ ஆரம்பித்தான்.

இப்போது பணம். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு, நாங்களும் செய்தோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடம். முதல் வருடம் 100 என்று வைத்து, வருடத்துக்கு 10 சதவீதம் ஏறுகிறது என்றால், ஏழாவது வருடம் 177 கட்ட வேண்டும். மொத்தக் கூட்டல் 700 ஆக இருக்காது, ஏறக்குறைய 949 வரும். இதில் வேன், சீருடை, புத்தகம், ஆண்டு விழா எதுவும் சேரவில்லை. அதற்கு மேல் எட்டாம் வகுப்பிலிருந்து டியூஷன் வேறு. கட்டணமும் கட்டி டியூஷனுக்கும் கட்டும்போதுதான், பள்ளியில் என்னதான் நடத்துகிறார்கள் என்ற கேள்வி வரும்.

இன்னொரு விஷயம் யாரும் கணக்குப் போடுவதில்லை: தூரம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால், இருநூறு பள்ளி நாளில் 400 மணி நேரம் வேனில் போகிறது. அந்த நேரத்தில் தூங்கலாம், விளையாடலாம், அம்மாவிடம் சண்டை போடலாம். உங்கள் தனியார் பள்ளி எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை.

அப்படியென்றால் மகளை ஏன் தனியாரில் வைத்திருக்கிறேன்? கழிப்பறை. பதில் இவ்வளவுதான். அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த அரசுப் பள்ளியை (மகன் படித்தது வேறு, ஆண்கள் பள்ளி) பார்க்கப் போனபோது, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அங்கே படித்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். "மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கவே மாட்டேன் ஆன்ட்டி" என்றாள். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கே வருவதில்லையாம். அங்கே ஆசிரியர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள், தலைமை ஆசிரியை நிதி கேட்டு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் என் மகளை மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார வைக்க மனம் வரவில்லை. உங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் கழிப்பறை சுத்தமாக இருந்தால், என்னிடம் இருந்த காரணம் உங்களுக்கு இல்லை.

பார்க்கப் போகும்போது சேர்க்கை நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாப் பள்ளியும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். சாதாரண நாளில், பள்ளி விடுகிற நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் வாசலில் நில்லுங்கள். வெளியே வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், எட்டு ஒன்பது படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஆறாம் வகுப்பு அம்மாக்கள் வேண்டாம், அவர்கள் இன்னும் புதுப் பெருமையில் இருப்பார்கள். முடிந்தால் யாராவது ஒரு நடுத்தர மாணவியின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே அளவில் சிவப்பு டிக் மட்டும் இருந்தால், அதை யாரும் படிக்கவில்லை. தப்பைச் சுழித்து, பக்கத்தில் அவளையே திரும்பப் போட வைத்து, அதையும் திருத்தியிருந்தால், பள்ளியின் பெயர் என்னவானாலும் அந்த ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். லேபையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டுக்குச் சாவி தேட பத்து நிமிடம் ஆனால், பிள்ளைகள் உள்ளே போய் எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிவை அவளிடம் விடச் சொல்லவில்லை, பத்து வயதில் சறுக்கு மரம் எங்கே இருக்கிறதோ அந்தப் பள்ளிதான் நல்ல பள்ளி. ஆனால் நம் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படும். என் மகன் தனியார் பள்ளியை முதல்முறை பார்த்துவிட்டு வந்து, "அங்க யாருமே ஓடலம்மா" என்றான். நான் அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருவேளை தப்பான பள்ளியில் சேர்த்துவிட்டதாகப் பின்னால் தோன்றினால், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு பொதுத்தேர்வுப் பாடம் ஆரம்பித்துவிடும், பாடத்திட்டம் வேறாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு வருடம் போய்விடும், பல பள்ளிகள் பத்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்க்கவே யோசிப்பார்கள். எங்களை எட்டாவதோடு போகச் சொன்ன அந்த முதல்வருக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நன்றி சொல்லலாம், அவர் எதற்காகச் சொல்லியிருந்தாலும்.