மீன் தொட்டி ஃபில்டருக்குள் எதைப் போடுவது?

கேள்வி: பெங்களூரு ஜீவனஹள்ளியில் வீட்டுப் பின்பக்கம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, 12 கோல்ட்ஃபிஷ், 3 கோய் மீன் விட்டிருக்கிறோம். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் கலங்கி வாடை அடிக்கிறது. 200 லிட்டர் நீல டிரம்மில் ஃபில்டர் செய்யலாம் என்று இருக்கிறோம். உள்ளே செராமிக் வளையம் போடச் சொல்கிறார் கடைக்காரர். டிரம் நிறைய வாங்கினால் கட்டுப்படியாகாது. ஜல்லி போடுங்கள் என்கிறார் மேஸ்திரி. தேங்காய் நார் போதும் என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மேஸ்திரி பேச்சை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். டிரம் நிறைய முக்கால் இன்ச் ஜல்லி. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனதும் எனக்கு ஒரே பெருமை. எட்டு மாதம் கழித்துத் தண்ணீர் வருவது குறைந்தது. திறந்து பார்த்தால் ஜல்லிக்கு நடுவே கறுப்பு மண்டி, அழுகிய முட்டை நாற்றம். 200 லிட்டர் டிரம்மில் ஜல்லி மட்டும் கிட்டத்தட்ட 300 கிலோ. தூக்கவும் முடியவில்லை, சாய்க்கவும் முடியவில்லை. சட்டியால் அள்ளி அள்ளி வெளியே போட்டேன்.

ஃபில்டர் என்றதும் வடிகட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, மீன் கழிவையும் மிச்சத் தீனியையும் பிடித்து நிறுத்துவது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவை ஒழிப்பது. மீன் இதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை. இந்த பாக்டீரியா ஒட்டி வாழ ஒரு பரப்பு வேண்டும். நாம் டிரம்மில் போடுவது அந்தப் பரப்பைத்தான்.

எவ்வளவு பரப்பு? இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நாமே போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் தொட்டியில் சுமார் 2,200 லிட்டர் தண்ணீர் இருக்கும். நாளைக்கு 20 கிராம் தீனி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன் வளர்ப்பில் பொதுவாகப் பயன்படும் கணக்கு: 1 கிலோ தீனிக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன், அதாவது அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை. அப்படியானால் உங்களுக்கு நாளைக்கு 0.6 கிராம். ஒரு சதுர மீட்டரில் உள்ள பாக்டீரியா நாளைக்கு 0.1 கிராம்தான் தின்னும் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 6 சதுர மீட்டர் போதும். அதாவது, மூன்று பாய் விரிக்கும் இடம். இவ்வளவுக்கு எதற்கு டிரம் நிறைய செராமிக்? அதன் நுண் துளைகளில் இருக்கும் பரப்பு பெரிதுதான். ஆனால் வெளித் தொட்டியின் தண்ணீரில் சேறும் பாசியும் கலந்து வரும்போது அந்தத் துளைகள் சீக்கிரம் அடைத்துவிடும். அப்புறம் அதுவும் விலை கூடின ஜல்லிதான்.

ஜல்லிக்குப் பரப்பு போதாது என்பதல்ல குறை. டிரம்மின் கொள்ளளவில் பாதிக்கு மேல் கல்லே அடைத்துக்கொள்கிறது, மீதிச் சந்தில் சேறு தங்குகிறது. சேறு தங்கிய இடத்துக்கு ஆக்ஸிஜன் போகாது. ஆக்ஸிஜன் இல்லாமல் நமக்கு வேண்டிய பாக்டீரியா வேலை செய்யாது. அதனால் பொருளைவிட அதன் வடிவத்தைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் நிறைய இருக்க வேண்டும், கையால் தூக்கி அலச வர வேண்டும், மக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் குப்பையில் கிடைப்பதும் போதும்.

என் முதல் தேர்வு, எலக்ட்ரீசியன்கள் ஒயர் இழுக்கும் நெளிநெளியான பிளாஸ்டிக் ஃப்ளெக்சிபிள் பைப். 25 மில்லிமீட்டர் பைப்பை ஒரு இன்ச் துண்டுகளாக நறுக்குங்கள். 40 லிட்டர் அளவுக்கு நறுக்கினால் உங்கள் 6 சதுர மீட்டர் தாராளமாக வந்துவிடும். அதற்குச் சுமார் 45 மீட்டர் பைப், 1,800 துண்டு. விரல் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிடுங்கள். புதிதாக வாங்க எஸ்.ஜே.பி. ரோடு போகலாம். ஆனால் பெங்களூரில் தெருவுக்கு ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரீசியனிடம் சொல்லிவைத்தால் வெட்டுத் துண்டுகளை மூட்டையாகக் கொடுப்பார். சிமெண்ட், பெயிண்ட் ஒட்டியதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். துண்டுகளை வெங்காயம் வரும் வலைப் பைகளில் கட்டிப் போட்டால் கழுவும்போது அப்படியே தூக்கலாம்.

பைப் கிடைக்காவிட்டால் தண்ணீர் பாட்டில், சோடா பாட்டில் மூடிகள். இவை மிதக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து அமுக்கிவிடுங்கள். மூடிகளில் ஓட்டை போட்டால் காற்றும் சேறும் உள்ளே தேங்காது. சொட்டு நீர்ப் பாசனக் குழாயின் பழைய துண்டுகளும் ஆகும்.

பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் அருமையான பொருள், ஆனால் அது முதல் வேலைக்கு. தண்ணீர் பைப் துண்டுகளுக்குப் போகும் முன் ஒரு பழைய பக்கெட்டில் இந்த நாரை நிரப்பி அதன் வழியே விடுங்கள். பெரிய அழுக்கெல்லாம் அங்கேயே நிற்கும். வாரம் ஒரு முறை இதை அலசினால் டிரம்மை மாதக் கணக்கில் தொட வேண்டியதில்லை. இரும்பு நார் வேண்டாம். கிருமிநாசினி சேர்த்த ஸ்பாஞ்சும் வேண்டாம். பழைய கொசுவலையைச் சுருட்டிப் போடும் யோசனை வந்தால், அது மருந்து தோய்த்த வலையா என்று பாருங்கள். கொசுவைக் கொல்லும் அந்த மருந்து மீனையும் கொல்லும்.

மாமனாரின் தேங்காய் நார்? தண்ணீர் டீ நிறமாகும், சில மாதத்தில் நார் மக்கி அதுவே அழுக்காகும். பூந்தொட்டிக்குப் போடலாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

டிரம்முக்குள் தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும். பைகளைத் தரையில் வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் அடுக்குங்கள். கூடைக்குக் கீழே சேறு படியும். அதைத் திறந்துவிட அடியில் ஒரு வால்வு. பம்ப், நீங்கள் ஏற்றும் உயரத்தில் மணிக்கு 2,000 லிட்டராவது தள்ள வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாதபோது வருவது, அதை நம்பி வாங்காதீர்கள். 40 வாட் பம்ப் என்றால் நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கரெண்ட் போய்ப் பல மணி நேரம் டிரம்மில் தண்ணீர் தேங்கினால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். கரெண்ட் வந்ததும் முதலில் அடி வால்வைத் திறந்து டிரம்மைக் காலி செய்யுங்கள், பிறகு பம்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தமும் மீன் மேல் போய் விழும்.

பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டிசம்பர் குளிரில் இன்னும் மெதுவாகும். அதுவரை தீனியைப் பாதியாக்கி, வாரம் இருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவர் ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி பழைய துண்டுகளை வாங்கி உள்ளே போடுங்கள், காலம் குறையும். பைகளை அலசுவது தொட்டித் தண்ணீரிலேதான். காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வளர்த்த பாக்டீரியாவை எல்லாம் கொன்றுவிடும்.

இத்தனையும் செய்து தண்ணீர் பச்சையாகவே இருந்தால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். அது மிதக்கும் பாசி, வெயிலுக்கு வளர்வது. தொட்டியின் பாதிக்கு நிழல் கொடுங்கள். டிரம்மிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழையோ சேம்போ வைத்தால் பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

கடைசியாக அந்த மூன்று கோய். இப்போது விரல் நீளம் இருக்கலாம், ஆனால் இரண்டடி வரை வளரும் சாதி. அப்போது உங்கள் 20 கிராம் தீனிக் கணக்கு எங்கேயோ போய்விடும். பெரிய குளம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு வையுங்கள்.