வாசகர் கேள்வி: மிளகாய் விதையும் மிளகுக் கொடியும்

கேள்வி: ஐயா, பாக்கற்றில் வாங்கிய கலப்பின மிளகாய் விதையைக் கடந்த ஆண்டு மொட்டைமாடிச் சாடிகளில் விதைத்தேன். எல்லாச் செடிகளும் ஒரே அளவில் வளர்ந்து ஒரேமாதிரி காய்த்தன. அவற்றின் பழங்களிலிருந்து எடுத்த விதையை இம்முறை போட்டால், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒரு செடியின் காயிலோ உறைப்பே இல்லை. பக்கத்தில் கறிமிளகாய் நிற்பதால்தான் இப்படி என்கிறார் மாமியார். உண்மையா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: மாமியாரின் சந்தேகம் அடுத்த தலைமுறைச் செடிக்குப் பொருந்தும், இப்போது காய்த்திருக்கும் காய்க்குப் பொருந்தாது. உறைப்பைத் தரும் கப்சைசின், பலர் நினைப்பதுபோல விதையில் உண்டாவதில்லை. காயைப் பிளந்தால் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில்தான் உண்டாகிறது. அந்தத் தசையும் காயின் சுவரும் தாய்ச்செடியின் உடலே ஆதலால், எந்தச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்தக் காயின் உறைப்பு மாறாது. வந்த மகரந்தத்தின் செல்வாக்கு விதைக்குள் இருக்கும் முளையத்தில் ஒளிந்திருந்து, அவ்விதை வளர்ந்து தானே காய்க்கும்போதுதான் வெளிப்படும்.

ஆனால் கறிமிளகாய் அருகில் இல்லாதிருந்தாலும் உங்கள் செடிகள் பலவிதமாகவே வந்திருக்கும். கலப்பின விதை தயாரிப்பவர்கள், பல தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கை செய்து தூய்மையாக்கிய இரண்டு வழிகளை (ஒரே மாதிரிச் செடிகளையே தரும் பரம்பரைகளை) எடுத்து, ஒன்றின் பூவில் மற்றதன் மகரந்தத்தைச் சேர்க்கிறார்கள். மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2015இல் வெளிவந்த, இலங்கையின் முதலாவது கலப்பின மிளகாயும் இந்த முறையில் பிறந்ததே. மிளகாய்க்கு 12 சோடி நிறமூர்த்தங்கள், அதாவது பரம்பரையலகுகளை (மரபணுக்களை) ஏந்தும் இழைகள். பாக்கற்றிலுள்ள ஒவ்வொரு விதையிலும் சோடியில் ஒன்று தாய்வழியிலிருந்தும் மற்றது தந்தைவழியிலிருந்தும் மாறாமல் வந்து சேர்வதால் செடிகள் அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. அச்செடி தன் சொந்த மகரந்தத்தையும் சூல்களையும் உண்டாக்கும்போது இரு வழிகளின் பரம்பரையலகுகளும் சீட்டுக்கட்டைப்போலக் கலைந்து புதிதாகப் பங்கிடப்படுகின்றன. நீங்கள் சேமித்த ஒவ்வொரு விதைக்கும் கிடைத்த சீட்டுகள் வேறு.

உறைப்பைப் பொறுத்தவரை இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். உறைப்பு உண்டா, இல்லையா என்பதைப் பெரும்பாலும் பன்-1 எனப்படும் ஒரே பரம்பரையலகு தீர்மானிக்கிறது. அதில் உறைப்பைத் தரும் எதிருரு (பரம்பரையலகின் மாற்று வடிவம்) ஆட்சியானது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே உறைப்பு வந்துவிடும். எனவே இரண்டு பிரதிகளும் பழுதானவையாக இருக்கும் செடியே அறவே உறைப்பில்லாத காயைத் தரும். எவ்வளவு உறைப்பு என்பது வேறு கதை. பல பரம்பரையலகுகளும் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து அதை முடிவுசெய்கின்றன. உங்கள் செடியின் காயில் இலேசாகவேனும் உறைப்பு இருந்தால், அது இந்த இரண்டாவது வகை வேறுபாடாகவே இருக்கும்.

மனமிருந்தால் இதையே ஒரு தேர்வு முயற்சியாக மாற்றலாம். பிடித்த செடியொன்றில் விரியாத மொட்டுகளை மெல்லிய மஸ்லின் துணிப்பையால் மூடி, பூ விரிந்தபின் காம்பை விரலால் தட்டிவிட்டால் தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். இப்படிச் செய்யும் ஒவ்வொரு தலைமுறையிலும், சோடியில் இரு வேறு எதிருருக்களைக் கொண்ட இடங்கள் சராசரியாகப் பாதியாகக் குறையும். ஆறு தலைமுறைகளில் அவை 64இல் ஒரு பங்காகிவிடும். அதன்பின் உங்கள் விதை ஏறக்குறைய ஒரே மாதிரிச் செடிகளைத் தரும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், ஆண்டுதோறும் புதிய பாக்கற்று வாங்குவதுதான் வழி.

கேள்வி: அவிசாவளையில் உள்ள காணியில் மிளகும் கறுவாவும் வைக்க எண்ணுகிறேன். மிளகிலும் கலப்பினம் உண்டாமே. அதையும் அடிக்கடி வாங்கவேண்டுமா? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: வேண்டியதில்லை, மிளகாய்க்காரருக்கு இல்லாத அதிர்ஷ்டம் மிளகுக்காரருக்கு உண்டு. கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உதிரங்கொட்டை என்னும் கொடியைத் தாயாகவும் செறியகாணியக்காடனைத் தந்தையாகவும் கொண்டு உருவாக்கி, 1971இல் வெளியிட்ட பன்னியூர்-1, உலகின் முதலாவது கலப்பின மிளகு. அதைத் தண்டுத்துண்டங்களால் பெருக்குகிறார்கள். தண்டிலிருந்து வரும் கன்று தாய்க்கொடியின் பிரதியாதலால், பரம்பரையலகுகள் மீண்டும் கலைவதற்கு இடமில்லை. ஒருமுறை கிடைத்த கலப்பின வீரியம் எத்தனை நடுகைக்கும் நிலைக்கும். ஆனால் பன்னியூர்-1 அடர்ந்த நிழலில் நன்றாகக் காய்க்காது. பலாவும் ரம்புட்டானும் மூடிய காணியானால் யோசித்துச் செய்யுங்கள்.

கறுவாவின் நிலை வேறு. ஒரே கறுவாப் பூ இருமுறை விரிகிறது: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. சில மரங்களில் பெண் நிலை காலையிலும் வேறு சிலவற்றில் பிற்பகலிலும் வருவதால், ஒரு வகை மரத்தின் மகரந்தம் மற்ற வகை மரத்தின் பூவுக்கே பெரும்பாலும் போய்ச்சேரும். ஆகவே விதைக் கன்றுகளை நட்ட தோட்டத்தில் மரத்துக்கு மரம் பட்டையின் தடிப்பும் எண்ணெயின் அளவும் மணமும் வேறுபடும். ஒல்லாந்தர் கொழும்பில் கறுவாத் தோட்டம் போட்ட காலத்துக்குப் பின்னும் நெடுங்காலம் விதைக் கன்றே வழக்கமாக இருந்தது எனக்கு வியப்பளிக்கும் செய்தி. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் 2009இல் ஸ்ரீ கெமுனு, ஸ்ரீ விஜய என்னும் இரண்டு தேர்வுகளை வெளியிட்டது. இவற்றை விரும்பினால் தண்டிலிருந்து பெருக்கிய கன்றுகளையே கேட்டு வாங்குங்கள். அவற்றின் விதையிலிருந்து முளைத்த கன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கேள்வி: மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் வீட்டில் நடத் தொடங்கினோம். பூக்கிறது, ஆனால் விதை கிடைப்பதில்லையே? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: நாம் பயிரிடும் மஞ்சள் மும்மடியத் தாவரம், 21 வீதம் மூன்று தொகுதிகளாக 63 நிறமூர்த்தங்கள் அதற்கு உண்டு. மகரந்தமும் சூலும் உண்டாவதற்கான கலப்பிரிவாகிய ஒடுக்கற்பிரிவின்போது மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாமையால் மகரந்தமும் சூலும் பெரும்பாலும் பழுதாகின்றன. எப்போதாவது விதை பிடித்தால் ஆய்வாளருக்கு அது புதையல். கோழிக்கோட்டு ஆராய்ச்சி நிலையத்தின் பிரபா, பிரதிபா ஆகிய இனங்கள் அப்படி அரிதாகக் கிடைத்த விதை நாற்றுகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் 6 சதவீதத்துக்கும் மேல். 22 நிறமூர்த்தங்களே கொண்ட இஞ்சியும் விதை வைப்பதில்லை என்பது விந்தை. வீட்டுத் தேவைக்கு விதையைப் பற்றிக் கவலை வேண்டாம். அழுகல் இல்லாத கிழங்கைத் தெரிந்து நடுவதே முக்கியம், ஏனெனில் கிழங்கோடு நோயும் அடுத்த ஆண்டுக்குப் போகும்.

கேள்வி: கலப்பினம் என்றால் மரபணு மாற்றப்பட்டதா? (வாசகர், தெமட்டகொடை)

பதில்: இல்லை. மேலே சொன்ன மிளகாயிலும் மிளகிலும் நடந்தது, ஒரே இனத்தின் ஒரு பூவிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைக் கையால் மாற்றியது மட்டுமே.

கேள்வி: பத்து ஆண்டுகளாக வளர்க்கும் சாதிக்காய் மரம் பூக்கிறது, காய்ப்பதில்லை. உரம் போதாதா? (வாசகர், வத்தளை)

பதில்: பெரும்பாலும் அது ஆண் மரமாக இருக்கும், உரத்தால் மாறாது. சாதிக்காயில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியானவை. விதைக் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே வரும், முதற் பூ வரும்வரை பார்வையால் அடையாளம் காணவும் முடியாது. காய்க்கும் பெண் மரத்தின் கிளையை உங்கள் மரத்தில் ஒட்டலாம். ஆனால் எல்லாக் கிளைகளையும் மாற்றிவிடாதீர்கள். மகரந்தம் தர ஓர் ஆண் கிளையாவது நிற்கட்டும்.