மென்பொருளைக் கணினியில் தானாக நிறுவும் கட்டளைக் கோப்பான நிறுவல் ஸ்கிரிப்டை ஒருமுறை எழுதிவிட்டால் போதாதா? அதைப் புதுப்பிப்பதும் ஆவணப்படுத்துவதும் ஏன் தீராத வேலையாக இருக்கிறது?

போதாது. ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட மாறாமல் இருக்கலாம். அது நம்பியிருக்கும் மற்ற எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 வந்ததும், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) மூலம் நேரடியாக நிறுவுவது தடுக்கப்பட்டது. பழைய ஸ்கிரிப்ட்கள் அந்த வரியிலேயே நின்றன. மற்றொரு லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்ததும் அதன் மிரர் (மென்பொருள் நகல்களை வைத்திருக்கும் சர்வர்) முகவரிகள் செயலிழந்தன. இவை பிழை காட்டி நிற்பதால் பரவாயில்லை. ஆனால் உபுண்டு 24.04 லினக்ஸைப் புதிதாக நிறுவினால், மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் களஞ்சியப் பட்டியல் வேறு கோப்பில், வேறு வடிவத்தில் இருக்கும். பழைய கோப்பில் எஞ்சியிருப்பது ஒரு குறிப்பு வரி மட்டுமே. அதைத் தேடி மாற்றும் ஸ்கிரிப்ட் எதையும் மாற்றாமல், பிழையும் காட்டாமல் "வெற்றி" என்று முடியும். இந்த ரகம்தான் ஆளைக் கொல்லும்.

ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கும் கோளாறுகளும் உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் (ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல்) என்பது டேஷ். பாஷ் என்ற மற்றொரு ஷெல்லில் உள்ள அணிகள் (அரே) அங்கே ஓடாது. மேக்ஓஎஸ்ஸோடு வரும் பாஷ் இன்னும் பழைய 3.2தான். ஒரே வகை ஆர்ம் செயலியை லினக்ஸ் ஏஆர்ச்64 என்கிறது, மேக் ஆர்ம்64 என்கிறது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் ஜிலிப்சி (பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பும் அடிப்படை நூலகம்) இல்லாததால், அதை நம்பிய நிரலின் கோப்பு கண்ணெதிரே இருந்தும் "காணவில்லை" என்று வரும்; காணாமல் போனது அதை ஏற்றும் லோடர். இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் கருவிக்குத் தோல்வியைத் தெரிவிக்கும் விருப்பத்தைக் கொடுக்காவிட்டால், "காணவில்லை" என்ற 404 பிழைப் பக்கத்தையே நிரலாகச் சேமித்துவிடும். புதிய பதிப்பு எது என்று கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) தரும் ஏபிஐயிடம், அதாவது நிரல்கள் தகவல் கேட்கும் வாயிலிடம், கேட்பவர்கள் கவனிக்கவும்: உள்நுழையாத கோரிக்கைக்கு ஒரு ஐபி முகவரியிலிருந்து மணிக்கு 60தான் அனுமதி. ஒரே இணைப்பைப் பலர் பகிரும் அலுவலகத்தில் அது சீக்கிரம் தீரும்.

எனவே முதலில் ஆதரவுப் பட்டியலைச் சுருக்குங்கள். லினக்ஸின் பெயரும் பதிப்பும் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படித்து, பட்டியலில் இல்லாத பதிப்பு என்றால் தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "எதற்கும் முயன்று பார்க்கலாம்" என்ற தாராளம் அரைகுறை நிறுவலில்தான் முடியும்.

அடுத்து சோதனை. கமிட் (நிரலில் ஒரு மாற்றத்தின் பதிவு) வரும்போது மட்டும் ஓடும் சோதனை இங்கே உதவாது, ஏனென்றால் உங்கள் நிரல் மாறாத வாரத்தில்தான் ஸ்கிரிப்ட் உடையும். வாரம் ஒருமுறை புதிய கண்டெய்னரில் (தனித்து இயங்கும் சுத்தமான சூழல்) ஓட்டுங்கள். கிட்ஹப்பில் ஒரு சிக்கல்: பொதுவில் உள்ள நிரல் களஞ்சியத்தில் 60 நாள் அசைவே இல்லையென்றால் அட்டவணைச் சோதனையை அதுவே நிறுத்திவிடும். கண்டெய்னரையும் முழுதாக நம்ப வேண்டாம். அங்கே பொதுவாக எல்லாம் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓடும், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி இருக்காது. அங்கே தேறியது நிஜக் கணினியில் ரூட் அதிகாரம் கேட்கும் சுடோ வரியில் விழலாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒரு மெய்நிகர் கணினியில், சாதாரணப் பயனராக, இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது ஓட்டத்தில்தான் பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில், நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வரி இரட்டித்திருப்பது தெரியும்.

ஆவணம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிரதிகள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு பதிப்பு எண், இணையதளத்தில் வேறொன்று, ஸ்கிரிப்டின் உதவிச் செய்தியில் மூன்றாவது. எண் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும், மற்றவை அதிலிருந்து உருவாகட்டும். ரீட்மீயில் உள்ள கட்டளைகளையே பிரித்தெடுத்து வாராந்தரச் சோதனையில் ஓட்டினால் இன்னும் நல்லது. ஸ்கிரிப்ட் எந்தக் கோப்புகளைத் தொடுகிறது, எங்கே ரூட் தேவை, எப்படி நீக்குவது என்ற மூன்றும் கட்டாயம். நீக்கும் வழியைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை.

ஒரு பழைய பதிப்பைக் கைவிடப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய வெளியீட்டிலேயே ஸ்கிரிப்ட் தேதியோடு எச்சரிக்கட்டும். மாற்றக் குறிப்பில் மட்டும் எழுதினால் யாரும் பார்ப்பதில்லை.