பங்கசைக் கொண்டு தாவரச் சீனியை எதனோலாக மாற்றலாமா? ஈஸ்ட் பக்கற் கட்டாயம் வேண்டுமா?

மாற்றலாம், பக்கற்றும் வேண்டாம். உயர்தர உயிரியல் செயற்திட்டத்துக்காகக் கேட்கிறீர்கள் போல. மூதூர்ப் பக்கம் பனை சீவியவரின் மகன் நான், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

அப்பா பாளையைச் சீவி, சாறு வடிய மண்முட்டி கட்டுவார். புளிக்காத இனிப்புக் கருப்பணி வேண்டுமென்றால் முட்டிக்குள்ளே சுண்ணாம்பு பூசுவார், கள்ளு வேண்டுமென்றால் பூசமாட்டார். சுண்ணாம்பில்லாத முட்டியை விடிய இறக்கும்போதே வாய்வரை வெள்ளை நுரை நிற்கும், காதை வைத்தால் இரையும். அந்த நுரைக்குள் இருப்பது காபனீரொட்சைட்டு. மதுவம் (அதுதான் ஈஸ்ட்) என்ற பங்கசு பாளையிலும் பூச்சிகளிலும் நேற்றைய முட்டியின் சுவரிலும் ஏற்கெனவே இருக்கிறது. அது சாற்றிலுள்ள சுக்குரோசை முதலில் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கும். பிறகு அவற்றை எதனோலும் காபனீரொட்சைட்டுமாக மாற்றும். கணக்குப்படி 100 கிராம் குளுக்கோசுக்குக் கூடியது 51 கிராம் எதனோல். சுண்ணாம்பு போட்டால் சாறு காரத்தன்மை உடையதாகிவிடும், மதுவம் பெருகாது.

கள்ளில் பற்றீரியாவும் உண்டே என்று திருத்த வருபவர்களுக்கு: உண்டு. சைமோமோனாசு என்ற பற்றீரியாவும் எதனோல் செய்யும், வேறு சில பற்றீரியாக்கள் கள்ளைப் புளிக்கவைக்கும். இங்கே கேட்டது பங்கசைப் பற்றி.

வைக்கோல், மரத்தூள் என்று இறங்கினால் பாடு பெரிது. அவற்றிலுள்ள செலுலோசை மதுவத்தால் தொட முடியாது. ட்ரைக்கோடெர்மா போன்ற வேறொரு பங்கசின் நொதியம் அதைக் குளுக்கோசாக வெட்டிக் கொடுக்க வேண்டும். பள்ளிச் செயற்திட்டத்துக்கு அது வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பள்ளியில் அப்பாவின் தொழில் என்னவென்று கேட்டார்கள், சொன்னேன், வகுப்பே சிரித்தது. ஆசிரியர் அதட்டவில்லை. அதே ஆசிரியர்தான் எங்களுக்கு நொதித்தல் சமன்பாட்டைப் படிப்பித்தார். அந்தச் சமன்பாடு நாள்தோறும் நடப்பது என் அப்பாவின் முட்டியில்தான் என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் தவறணையில் கள்ளு வாங்கிக் குடிப்பவர்கள், சீவுகிறவன் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிக்கிறார்கள். இதை எழுதினால் சாதி பேசுகிறான் என்பார்கள். பேசட்டும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். சுண்ணாம்பு சேராத புதுச் சாறு வாங்கி, போத்தலில் பாதிக்கு விட்டு, வாயில் பலூன் மாட்டுங்கள். மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கும். காய்ச்சி வடித்துப் பார்க்க மட்டும் போகாதீர்கள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது குற்றம்.